கிழிந்த வலையைத் தைக்கலாம்... மூளை நரம்பின் உறையை?

பழவேற்காடு ஏரியில் வலையே இல்லாமல் இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவியபடி நகரும் இருளர் பெண்கள்தான் அவர்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். கையில் இறால் தட்டுப்பட்டதும் அமுக்கிவிட வேண்டும். கொஞ்சம் யோசித்தாலும் போச்சு. வாலைச் சுண்டிக்கொண்டு பின்பக்கமாகப் பாய்ந்து தப்பிவிடும்.

அந்தப் பாய்ச்சலுக்குக் காரணம் வாலின் பலம் மட்டுமல்ல. வாலுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பின் வேகமும்தான். 1966-ல் குசானோ என்ற ஆய்வாளர் குருமா இறாலின் நரம்பில் மின்சமிக்ஞை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்து பார்த்தார். நொடிக்கு 200 மீட்டர் அளவுக்கு வந்தது. மனித உடலில் உள்ள மிக வேகமான நரம்புக்கே நொடிக்குச் சுமார் 120 மீட்டர்தான் வேகம்! பழவேற்காட்டில் அகப்படும் வெள்ளை இறாலும் டைகர் இறாலும் இந்தக் குருமா இறாலுக்குப் பங்காளி முறை. மூன்றுமே பீனியஸ் குடும்பம்.

நரம்புக்கு வேகம் கூட்ட இயற்கையிடம் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கம்பியைத் தடிமனாக்குவது. கணவாய் அந்த வழியில் போனது. அதன் பெரிய நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன். வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனாலும் அதன் வேகம் நொடிக்கு 25 மீட்டர் அளவில்தான் நிற்கிறது. இன்னொரு வழி, கம்பிக்கு உறை போடுவது. வீட்டு ஒயருக்கு பிளாஸ்டிக் உறை போடுவதைப் போல. இறால் இந்த வழியில் போனது. ஏரியில் துள்ளும் மடவையும், கடலில் திரியும் சுறாவும், நாமும் அதே வழிதான். இறாலின் உறையும் நம்முடைய உறையும் ஒரே வம்சம் அல்ல, தனித்தனியாகத் தோன்றியவை. ஒரே சிக்கலுக்கு இரண்டு இடங்களில் ஒரே மாதிரியான விடை கிடைத்திருக்கிறது.

அந்த உறை இல்லாவிட்டால் நாம் என்ன ஆவோம்? அந்த உறை கிழிந்தால் திரும்பப் போட முடியுமா? உலகின் பல ஆய்வுக்கூடங்களில் ஸ்டெம் செல்களை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். விடை முழுதாகக் கிடைப்பதற்குள், அதைப் பாட்டிலில் அடைத்து விற்பவர்களும் வந்துவிட்டார்கள் என்பதுதான் கவலை.

வெண்ணெய் நிறத்தில் ஒரு சுருள்

ஆட்டு மூளையைச் சமையலுக்கு அறுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வெளிப்பக்கம் சாம்பல் நிறமாகவும் உட்பக்கம் வெண்ணெய் நிறமாகவும் இருக்கும். அந்த வெண்ணெய் நிறம் நரம்பு உறையின் நிறம். அதற்கு மைலின் என்று பெயர். 1854-ல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ வைத்த பெயர் அது. பெரும்பாலும் கொழுப்பு, கொஞ்சம் புரதம். மூளையில் ஒலிகோடெண்ட்ரோசைட் என்ற செல்கள் தங்கள் கைகளை நீட்டி, நரம்பிழையைச் சுற்றிச் சுற்றிப் பாய் சுருட்டுவதுபோல் இந்த உறையைப் போடுகின்றன. ஒரு செல் பல இழைகளுக்கு உறை போடும்; நாற்பது, ஐம்பது இடங்களில்கூட.

உறை தொடர்ச்சியாக இருக்காது. இடையிடையே சிறு இடைவெளிகள் உண்டு. சமிக்ஞை இழை முழுக்க ஊர்ந்து போகாமல் இந்த இடைவெளிக்கு இடைவெளி தாவித் தாவிப் போகிறது. உறை இல்லாத மெல்லிய நரம்பில் சமிக்ஞை நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் வேகத்தில், ஆள் நடக்கும் வேகத்தில்தான் போகும். உறையோடு போனால் ரயிலையே முந்தும்.

இந்த உறையை உடலின் நோய் எதிர்ப்புப் படையே எதிரி என்று நினைத்துத் தாக்கிக் கிழிப்பதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். உலகம் முழுவதும் சுமார் 28 லட்சம் பேருக்கு இது இருப்பதாக 2020-ல் வெளியான சர்வதேசக் கணக்கு சொல்கிறது. பெரும்பாலும் இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் நடுவில் ஆரம்பிக்கிறது. பெண்களுக்கு அதிகம். ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இது குறைவுதான். ஆனால் வந்த வீட்டுக்கு அந்தக் கணக்கால் என்ன பயன்?

ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்குவது, ஒரு கால் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம், காரணம் புரியாத பெரும் அசதி. இவை சில நாட்கள் இருந்துவிட்டுத் தானாகக் குறைந்துவிடலாம். அதனாலேயே பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். வெயிலுக்கும் இந்த நோய்க்கும் ஒரு தனிப் பகை உண்டு. உறை கிழிந்த நரம்பு, உடல் சூடு சற்றே ஏறினாலும் சமிக்ஞையைத் தவறவிடும். 1890-லேயே ஊதாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதைக் குறித்து வைத்தார். காலையில் நன்றாக இருந்தவருக்கு மதியம் பார்வை மங்கி, நிழலில் உட்கார்ந்தால் தெளிந்துவிடும். கத்தரி வெயிலில், நிழலே இல்லாத ஏரியின் நடுவில் படகில் நின்று வலை இழுக்கும் ஒருவருக்கு இது வந்தால், ‘வெயில் ஒத்துக்கலை’ என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.

பழவேற்காட்டில் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இருப்பது லேசான விஷயமல்ல. இங்கே ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில், ஏரியின் எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதை மீனவர்களே முறை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் தலைமுறைகளாக நடந்துவரும் ஒழுங்கு இது. தன் முறை வரும் நாளில் கை நடுங்கினால், கால் நிற்காவிட்டால், அன்றைய இறால் போனது போனதுதான். முகத்துவாரம் மண் மேடிட்டு அடைபட்டு, மீன் வரத்து குறையும் காலத்தில் இப்படி ஒவ்வொரு நாளும் எண்ணப்படும் நாள்.

கை கால் மரத்தால் எல்லாம் எம்.எஸ். என்று பயந்துவிட வேண்டாம். நம் ஊரில் சர்க்கரை நோய், பி12 குறைபாடு, முதுகுத்தண்டு வட்டு விலகல், தொழுநோய் இவையெல்லாம் அதைவிடப் பல மடங்கு சாதாரணம். எம்.எஸ். போலவே தோற்றம் காட்டும் இன்னொரு நோயும் உண்டு: நியூரோமைலிடிஸ் ஆப்டிகா. இதற்கும் அதற்கும் மருந்து வேறு. எம்.எஸ்ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான் போன்ற சில மருந்துகள் இதை மோசமாக்கிவிடும். ஆகவே நரம்பியல் மருத்துவர், எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை என்று முறையாகப் போய் எந்த நோய் என்று உறுதி செய்துகொள்வதுதான் முதல் வேலை. பழவேற்காட்டிலிருந்து சென்னை சுமார் 60 கிலோமீட்டர். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பியலுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

ஆள் வந்தாச்சு, வேலை நடக்கலை

நல்ல செய்தி ஒன்று. கிழிந்த உறையைத் திரும்பப் போடும் ஆட்கள் நம் மூளைக்குள்ளேயே இருக்கிறார்கள். 1983-ல் லண்டனில் மார்ட்டின் ராஃப் குழுவினர் எலியின் பார்வை நரம்பில் ஒரு வகை இளம் செல்லைக் கண்டுபிடித்தார்கள். அது வளர்ந்தால் உறை போடும் ஒலிகோடெண்ட்ரோசைட்டாக மாறும். பனைக்குக் குருத்து எப்படியோ அப்படி. மூளையில் உள்ள செல்களில் நூற்றுக்கு ஐந்து, ஆறு இந்தக் குருத்துச் செல்கள்தான். வயதான பிறகும் இருக்கின்றன. உறை கிழிந்த இடத்துக்கு அவை போகின்றன, பெருகுகின்றன, சில இடங்களில் உறையும் போட்டுவிடுகின்றன. எம்.எஸ். வந்தவருக்குப் பார்வை திரும்புவதில் இந்த மராமத்துக்கும் பங்கு உண்டு.

பிறகு ஏன் நோய் முற்றுகிறது? பல இடங்களில் குருத்துச் செல்கள் வந்து நிற்கின்றன, ஆனால் முதிர்வதில்லை. கொத்தனார் சாரத்தில் ஏறி நின்றுகொண்டு கரண்டியை எடுக்காமல் இருப்பதுபோல. வயது ஏற ஏற இந்த மந்தம் கூடுகிறது. உறையில்லாமல் நெடுநாள் கிடக்கும் நரம்பிழை கடைசியில் பட்டுப்போகிறது. உறையைத் திரும்பப் போடலாம். பட்டுப்போன இழையை மூளை திரும்ப முளைக்க வைப்பதில்லை. மருத்துவர்கள் ‘சீக்கிரம் வாருங்கள்’ என்று கத்துவதற்கு இதுதான் காரணம்.

ஆய்வாளர்கள் இரண்டு வழிகளில் முயல்கிறார்கள். வெளியிலிருந்து புது ஆட்களை அனுப்புவது ஒன்று. உள்ளே நிற்கும் ஆட்களை எழுப்புவது இன்னொன்று.

முதல் வழியில் மறக்க முடியாத ஒரு சோதனை 2008-ல் வந்தது. ‘ஷிவரர்’ என்று ஓர் எலி இனம். பிறவியிலேயே மைலின் சரியாக உருவாகாமல், உடல் நடுங்கி, சில மாதங்களில் இறந்துவிடும். அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் கோல்ட்மன் குழுவினர், பிறந்த குட்டிகளின் மூளைக்குள் மனிதக் குருத்துச் செல்களைச் செலுத்தினார்கள். அவை எலியின் மூளை முழுக்கப் பரவி, உறை போட்டன. சில எலிகள் ஓராண்டைத் தாண்டியும் வாழ்ந்தன. எலி மூளையில், மனிதச் செல் போட்ட உறை!

எலிக்கு ஆனது மனிதருக்கு ஆகுமா? மைலின் இல்லாமலே பிறக்கும் குழந்தைகள் உண்டு. பெலிசேயஸ்-மெர்ஸ்பாகர் என்ற அரிய மரபணு நோய் அது. 2012-ல் கலிபோர்னியா பல்கலைக்கழக சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள், இந்த நோயுள்ள நான்கு சிறுவர்களின் மூளையில் நரம்பு ஸ்டெம் செல்களை வைத்த முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில், செல் வைத்த இடங்களில் மைலின் உருவானதற்கான அறிகுறி தெரிந்தது. ஆனால் நான்கே பேர். அறிகுறிதான், முழு நிரூபணம் அல்ல. செல்களைத் தயாரித்த நிறுவனம் 2016-ல் தன் ஆய்வுகளை நிறுத்திக்கொண்டது. அறிவியலில் இப்படியும் நடக்கும். முடிவு தெரிவதற்கு முன்பே பணம் தீர்ந்துவிடும்.

2023-ல் இத்தாலியிலிருந்து இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில் 12 பேர், மற்றொன்றில் 15 பேர், எல்லோருமே எம்.எஸ். முற்றியவர்கள். முதுகுத்தண்டு நீரிலோ மூளையின் நீர்க்குழிகளிலோ நரம்பு ஸ்டெம் செல்கள் செலுத்தப்பட்டன. பெரிய ஆபத்து எதுவும் இல்லை என்று தெரிந்தது. இவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்லலாம். பலன் உண்டா என்று சொல்ல, செல் தராத ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த வேலை இனிமேல்தான்.

எது உறை போடுகிறது, எது போடுவதில்லை

‘ஸ்டெம் செல்’ என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சரக்குகள் உலவுவதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல் மாற்று என்று ஒன்று உண்டு. எம்.எஸ்ஸில் இது உண்மையாகவே வேலை செய்கிறது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் 110 பேர் கலந்துகொண்டார்கள். மருந்து எடுத்த பாதிப் பேரில் 34 பேருக்கு நோய் முற்றியது. மஜ்ஜை மாற்றிய மறு பாதியில் 3 பேருக்கு மட்டுமே. பெரிய வித்தியாசம். ஆனால் இது உறை போடும் சிகிச்சை அல்ல. கிழிக்கிற படையைக் கீமோதெரபியால் கலைத்துவிட்டு, புதிதாக ஆரம்பிக்க வைக்கிறது. உயிருக்கு ஆபத்து கொஞ்சம் உண்டு, குழந்தைப்பேறு பாதிக்கலாம். யாருக்குத் தரலாம் என்பதைப் பெரிய மருத்துவக் குழு கூடித்தான் முடிவு செய்யும்.

அடுத்தது, இடுப்பு எலும்பிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ எடுக்கும் மெசன்கைமல் ஸ்டெம் செல் ஊசி. எடுப்பது சுலபம், வளர்ப்பது சுலபம். விளம்பரங்களில் அதிகம் விற்கப்படுவதும் இதுவே. இதை எம்.எஸ். நோயாளிகள் 144 பேருக்குக் கொடுத்துப் பார்த்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கும் இந்த ஊசி போட்டவர்களுக்கும், ஆறு மாதக் கடைசியில் மூளையில் புதிதாகத் தெரிந்த காயங்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை.

உள்ளே நிற்கும் ஆளை எழுப்பும் வழிக்கு வருவோம். இதில் நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே இருக்கும் ஒரு மாத்திரை வருகிறது: மெட்ஃபார்மின். ஆம், சர்க்கரை மாத்திரைதான். 2019-ல் கேம்பிரிட்ஜில் ராபின் ஃபிராங்க்ளின் குழுவினர், கிழட்டு எலிகளுக்கு மெட்ஃபார்மின் கொடுத்தால் அவற்றின் குருத்துச் செல்கள் இளமை திரும்பியதுபோல் மீண்டும் உறை போடுகின்றன என்று காட்டினார்கள். கிளெமாஸ்டின் என்ற பழைய அலர்ஜி மாத்திரைக்கும் 2017-ல் 50 பேரிடம் நடந்த ஆய்வில் சிறு பலன் தெரிந்தது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் சமிக்ஞை சற்று வேகம் பிடித்தது. இரண்டையும் சேர்த்து 70 பேருக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த கேம்பிரிட்ஜ் முடிவு 2025-ல் வந்தது. சமிக்ஞை வேகத்தில் சிறிய நல்ல வித்தியாசம் இருந்தது. நோயாளிகளுக்கோ தங்கள் உடம்பில் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. ‘மாத்திரை மலிவுதானே, நாமே வாங்கிப் போட்டுக்கொள்வோம்’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2024-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் கிளெமாஸ்டின் எடுத்தவர்களில் சிலருக்கு நோய் முன்பைவிட வேகமாக முற்றியதால், அந்தப் பிரிவையே நிறுத்திவிட்டார்கள்.

மெட்ஃபார்மினில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு அது பி12 சத்தைக் குறைத்துவிடும். பி12 குறைந்தாலும் மைலின் கெடும்! பாதம் எரிச்சல், மதமதப்பு என்று சொல்கிற சர்க்கரை நோயாளிகள், எல்லாவற்றையும் சர்க்கரையின் தலையில் கட்டாமல் மருத்துவரிடம் கேட்டு ஒருமுறை பி12 அளவைப் பார்த்துவிடுவது நல்லது. மீனும் மட்டியும் தினமும் சாப்பிடும் குப்பத்து வீடுகளில் சாப்பாட்டில் பி12-க்குப் பஞ்சமில்லை. ஆனால் மாத்திரை குடலில் அதை உறிஞ்ச விடாமல் தடுத்தால், சாப்பிட்டும் பயனில்லை. இந்தக் குறைபாட்டால் வரும் நரம்புக் கோளாறை ஆரம்பத்தில் பிடித்தால் ஊசி போட்டே சரிசெய்யலாம். எந்த ஸ்டெம் செல்லும் வேண்டாம்.

பணம் கேட்டால் சந்தேகப்படுங்கள்

தமிழ்நாட்டில் நிஜமான ஸ்டெம் செல் ஆராய்ச்சி எப்படி நடக்கும் என்று பார்க்க வேலூருக்குப் போகலாம். சி.எம்.சி. வளாகத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை உதவியோடு நடக்கிறது. அங்கே டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, ஹீமோஃபிலியா என்ற ரத்தம் உறையாத நோய்க்கு, நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, மரபணுவைச் சேர்த்து, திரும்பச் செலுத்தியது. 2024 டிசம்பரில் உலகின் முன்னணி மருத்துவ இதழில் முடிவு வந்தது. ஐந்து பேருக்கும் ரத்தப்போக்கு நின்றுபோனது. மைலினுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் வேலை நடந்த விதம் கவனிக்க வேண்டியது. பல ஆண்டு ஆய்வுக்கூட உழைப்பு, நெறிமுறைக் குழு, அரசு அனுமதி, அதற்குப் பிறகு ஐந்தே ஐந்து பேர். ‘எல்லா நோய்க்கும் எங்களிடம் வாருங்கள்’ என்ற பலகை எங்கும் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டு நெறிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர, மற்ற எல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் ஆராய்ச்சிதான்; சிகிச்சை அல்ல. ஆராய்ச்சி என்றால் அது சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. ஆட்டிசம் குழந்தைகளுக்கு ஸ்டெம் செல் ஊசி போடுவது தொழில் ஒழுங்கீனம் என்று 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையமும் சொன்னது.

ஆகவே படகையோ தாலிச் சங்கிலியையோ அடகு வைக்கச் சொல்லி யாராவது ‘மூளை நரம்பு உறை திரும்ப வளரும்’ என்று ஊசி நீட்டினால், மூன்று கேள்விகள் போதும். பதிவேட்டு எண் என்ன? நெறிமுறைக் குழு எது? இதற்கு ஏன் நான் பணம் கட்ட வேண்டும்? அந்த எண்ணைப் பதிவேட்டின் இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் கைபேசியிலேயே பார்த்துச் சொல்லிவிடும்.

உறை போடும் சிகிச்சை வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உறை மேலும் கிழியாமல் தடுக்கும் மருந்துகள் இன்றைக்கே இருக்கின்றன. ரிடுக்ஸிமாப் போன்றவை மற்ற நோய்களுக்கும் பயன்படுவதால் அரசு மருத்துவமனைகளுக்கும் பழக்கமானவை. எந்த மருந்து யாருக்கு என்பதை நரம்பியல் மருத்துவர் சொல்வார். எம்.எஸ். நோயாளிகளுக்காக 1985-ல் தொடங்கிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையிலும் கிளை உண்டு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் இந்த நோயும் ஒன்று. கை கால் வெளிப்பார்வைக்கு நன்றாக இருப்பதால் இவர்களுக்கு அட்டை கிடைக்காது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையோடும் நரம்பியல் மருத்துவரின் சான்றோடும் அரசு மருத்துவக் குழு முன்பு போகலாம். பழவேற்காடு மக்கள் திருவள்ளூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.